சின்னம்மா உட்கார்ந்து வந்த படகு

ஆறு வற்றும்போது சேறு பேசும். தண்ணீர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கரையோரத்துக் கருஞ்சேற்றில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றையடுத்து ஒன்று உடையத் தொடங்கும். வளைக்குள்ளிருந்து நண்டுகள் எட்டிப் பார்க்கும். யாரோ ஒருவர் வாய்க்குள்ளேயே நாக்கைத் தட்டித் தட்டி நம்மைக் கண்டிப்பது போல ஒரு சத்தம், எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதில் பேரப்பிள்ளைகள் கத்தினால்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சேற்றுச் சத்தம் கேட்பதற்குக் காது தேவைப்படுவதில்லை.

என் அப்பா பினாங்கில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமைக் கிராணியாக இருந்தார். குமாஸ்தாவுக்கு எங்கள் ஊரில் அன்றைக்கு அதுதான் பெயர். நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்ப்பதற்கும், கடலுக்கு எதிர்க்கரையிலிருந்த பிறை ஆற்றங்கரை ஆலைகளிலிருந்து அரிசி மூட்டைகளைப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுவருவதற்கும் "தொங்கான்" என்று சொல்லப்பட்ட நீளமான, தட்டையான மரப்படகுகள் இருந்தன. அப்பாவின் கம்பெனிக்குத் தொங்கான் விடுகிற ராவுத்தர் ஒருவர், ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறையில், ஆலைகளில் வேலை குறைந்திருக்கும் நாட்களில், ஒரு படகைக் கழுவித் துடைத்து, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாரம் கொடுத்து உதவுவார். பாய்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, கருவாடு, ஜெபமாலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஒரு நீராவிப் படகின் பின்னால் கட்டப்பட்டுக் கடலைக் கடந்து, பிறை ஆற்று முகத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டோமானால், அப்புறம் எங்களுக்கு அவசரம் என்பதே கிடையாது.

படகுக்குத் தலைவர் பாக் மாட் என்ற மலாய்க்காரர். அவரும் அவருடைய ஆட்கள் இருவரும் நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவார்கள். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம் "பாசாங்". அப்போது அதன் முதுகிலேயே மேலே போவோம். இறங்கும் நேரம் "சூரூட்". அப்போது ஆற்றோரச் சேற்றில் வளரும் நிப்பாப் பனையின் தூரில் கயிற்றைக் கட்டிவிட்டு, படகு சேற்றில் உட்கார்ந்தாலும் உட்காரட்டும் என்று சமைப்போம், சாப்பிடுவோம், தூங்குவோம். "ஆறே ரெண்டு எட்டு முன்னால வச்சு ரெண்டு எட்டு பின்னால போவுது, நமக்கு என்ன கேடு?" என்பார் அப்பா. நிப்பாப் பழத்தின் வழுவழுப்பான பருப்பைத் தோண்டித் தின்றுகொண்டு, குரங்குகளைப் பார்த்துக்கொண்டு, கெப்பாலா பத்தாஸ் பக்கத்து வயல்களில் மலாய்ப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவது தெரிகிற வரைக்கும் போய்த் திரும்புவோம். நான் படித்த எந்தப் பள்ளியும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

ஆனால் எனக்குப் பதினோரு வயதான அந்த வருஷம், பயணத்துக்கு வேறொரு காரணம் இருந்தது.

அம்மாவின் தங்கை சிசிலி சின்னம்மா எங்களோடுதான் இருந்தாள். குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. நடக்கும்போது இடது உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, இடுப்பை வெளியே எறிந்து, உடம்பை முழுவதும் ஒரு பக்கம் சாய்த்துத்தான் அந்தக் காலை முன்னுக்குக் கொண்டுவர முடியும். பாதத்தின் நுனி தரையைச் சுரண்டிக்கொண்டே வரும். உட்கார்ந்திருக்கும்போது பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. நீண்ட கழுத்தும், அடர்த்தியான முடியும், கோயிலில் பாடினால் ஆண்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோகிற குரலும் உள்ளவள் அவள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிடுவார்கள். காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிடுவார்கள். "அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கே, அந்த இடந்தான் அவளுக்கு எமன்" என்பாள் அம்மா.

தைப்பிங்கில் ஆங்கிலப் பள்ளி ஆசிரியராக இருந்த அருளப்பன் மாஸ்டரைப் பற்றிப் பங்குச் சாமியார் சொன்னபோது, படகு யோசனை அம்மாவுக்குத்தான் தோன்றியது. படகில் யாரும் நடப்பதில்லை. எழுந்தவர்களும் தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவார்கள், எல்லாருமே நொண்டிகள்தான். மாஸ்டர் ரயிலில் பிறைக்கு வந்து இறங்குவார். படகு அங்கே போய் அவரை ஏற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே சின்னம்மா பின்பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது அவரைப் பிறையில் இறக்கிவிட்ட பிறகுதான் படகு தீவுக்குப் போகும். இடையில் வரும் நாட்களில் அவள் குளிப்பதும் மற்றதும் அவர் கண் விழிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

"அப்புறம் எப்ப அவர்கிட்ட சொல்றது?" என்று அப்பா கேட்டார்.

"முதல்ல மனசு ஒட்டட்டுங்க. ஒட்டிட்டா காலென்ன, கையென்ன?"

சின்னம்மாவிடம் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உட்கார்ந்தா நீ ராணிடி. உட்கார்ந்தே இரு."

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சூசை, சின்னம்மா காலைப் பத்தி வாயைத் திறந்தே, ரோத்தான்தான்." ரோத்தான் என்பது வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பிரம்பு. நான் தலையை ஆட்டினேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன். யாரை ஒரு தடவை பார்த்தாலும் அவர் மாதிரி நடந்து காட்டிவிடுவேன். பங்குச் சாமியார், மீன் விற்கும் சீனக் கிழவர், ஆபீசிலிருந்து களைத்து வரும் அப்பா என்று யாரையும் விட்டதில்லை. இதற்கெல்லாம் முதல் ரசிகை சின்னம்மாதான். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது அவள், "நான் நடக்கிறத நான் பார்த்ததே இல்ல கண்ணு. எங்க, காட்டு" என்றாள். நான் தயங்கினேன். அவள் விடவில்லை. காட்டினேன். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். "கை இன்னும் கொஞ்சம் கீழ" என்று திருத்தினாள். மறுபடியும் நடக்கச் சொல்லி, மறுபடியும் பார்த்து, பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "இத எனக்கு மட்டுந்தான் காட்டணும், என்ன?" என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

மாஸ்டர் வெள்ளை டிரில் கோட்டும், குடையும், ஒரு பெட்டிக் கேமராவுமாக வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். சிரித்தால் தோளும் வயிறும் முழங்காலும் சேர்ந்து சிரிக்கும். வந்த அன்றே சின்னம்மாவைப் படம் எடுத்தார். "கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்திருக்கணும், முடியுமா?" என்று கேட்டார்.

"அது அவங்களுக்கு நல்லா வரும் மாஸ்டர்" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பிரம்பு இருந்தது. மாஸ்டர் மட்டும் சிரித்தார்.

இரண்டு பேருக்கும் மனம் ஒட்டத்தான் செய்தது. அவர் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து அவள் உரக்கப் படிப்பாள். அவர் நிப்பாப் பழத்தை வெட்டி அவளுக்குத் தோண்டிக் கொடுப்பார். சாயங்காலம் அவள் பாடினால், கம்பு ஊன்றும் ஆட்கள்கூட மெதுவாக ஊன்றுவார்கள். அவள் எழுந்திருக்காமல் இருப்பதற்காக அந்த நாட்களில் நான்தான் அவளுடைய கால். தண்ணீர், சீப்பு, விசிறி, ஜெபமாலை என்று எது வேண்டுமானாலும் நான் ஓட வேண்டும். "மகாராணிக்கு எழுந்திருக்கவே மனசு வராது போலிருக்கேலா" என்று மாஸ்டர் கேலி செய்தார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், தேவைக்கு அதிகமாகச் சிரித்தோம்.

முன்பெல்லாம் நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தால் சின்னம்மா என் தலையைத் தடவுவாள். படகில் அவள் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள். அவள் கண் வேறு இடத்தில் இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வைக்கு முதல் தடவையாக இடம் கிடைத்திருந்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நீட்டிய டம்ளரை ஒரு கை வாங்கிக்கொண்டது, அந்தக் கை என்னுடைய சின்னம்மாவின் கை இல்லை என்பதுதான்.

திரும்பி வரும் வழியில் ஒரு மத்தியானம், "சூரூட்" வேகமாக இறங்கி, படகு ஆற்று வளைவு ஒன்றில் சேற்றில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. இருபுறமும் சேறு, அதற்கப்பால் நிப்பா. பலகையில் துளி ஆட்டம் இல்லை. அந்தப் பயணத்தில் முதல் தடவையாக, படகு வீட்டுத் தரையைப் போல நின்றது.

சாப்பாடு முடிந்தது. மாஸ்டருக்குப் பொழுது போகவில்லை. "தம்பி, நீ நல்லா நடிப்பியாமே? சின்னம்மா சொன்னாங்க. எங்க, காட்டு. யாருன்னு நான் சொல்றேன்."

பாக் மாட்டைப் போலக் கம்பு ஊன்றினேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். பாக் மாட்டே சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவைப் போல நடந்தேன், அப்பாவும் சிரித்தார். பூசை வைக்கும் சாமியார், பிறை ஸ்டேஷனில் பார்த்த டிக்கெட் பரிசோதகர், கடைசியாக மாஸ்டரையே நடந்து காட்டினேன். அவர் பாயில் விழுந்து புரண்டார். "இன்னும் ஒன்னு தம்பி, இன்னும் ஒரே ஒன்னு!"

எனக்கு ஆள் தீர்ந்துவிட்டது. சின்னம்மாவைப் பார்த்தேன். இறால் உரித்துக்கொண்டிருந்த அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெகு காலம் வரை, விளையாட்டு வேகத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தொடையில் ஊன்றினேன். இடுப்பை வெளியே எறிந்தேன். பாத நுனி பலகையைச் சுரண்ட, படகின் நீளத்துக்கு நடந்தேன்.

மாஸ்டர் வெடித்துச் சிரித்தார். அந்தப் படகில் அது யாருடைய நடை என்று தெரியாதவர் அவர் ஒருவர்தான். அதனால் சிரித்தவரும் அவர் ஒருவர்தான்.

"இரு, இரு, சொல்லாதே! கள்ளுக்கடையிலிருந்து வர்றவன்!"

அப்பாவின் காப்பி டம்ளர் உதட்டருகே அப்படியே நின்றது.

"இல்லியா? கால்ல முள்ளு ஏறினவனா? அதுவும் இல்லியா?"

பாக் மாட் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் படகின் முன்முனையைத் தொட்டுவிட்டேன். அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் திரும்பினேன். வந்த வழியே, இன்னும் நன்றாக, மறுபடியும் நடந்து வந்தேன்.

"வாத்து! சேத்துல நடக்கிற வாத்து!" என்று மாஸ்டர் தொடையில் தட்டினார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். சிரிப்பு அவர் வாயில் இருந்தது, கண்ணிலிருந்து போய்க்கொண்டிருந்தது. "தோத்துட்டேன்லா தம்பி. நீயே சொல்லிடு. யாரு இது?"

சேற்றில் குமிழிகள் உடையும் சத்தம் கேட்டது.

"நான்தான் மாஸ்டர்" என்றாள் சின்னம்மா.

இறால் தட்டை ஒதுக்கி வைத்தாள். கையைப் பாவாடைத் துணியில் துடைத்தாள். தூணைப் பிடித்து எழுந்து, பிறகு தூணை விட்டுவிட்டு, எங்கள் எல்லாருக்கும் நடுவே, படகின் முன்முனையை நோக்கி நடந்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு எட்டையும் அவர் முழுதாகப் பார்க்கட்டும் என்பது போல நடந்தாள். என்னைக் கடந்து போகும்போது, "கை இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.

படகு மிதந்திருந்தால் நாங்கள் எதையாவது செய்திருப்போம். கயிறு அவிழ்த்திருப்போம், கரையேறியிருப்போம். அன்று ஒருவரும் எங்கும் போக முடியவில்லை. மாஸ்டர் ஒரு கட்டத்தில் எழுந்து, இறங்கி நடக்க முடியுமா என்று பாக் மாட்டிடம் கேட்டார். பாக் மாட் கம்பைச் சேற்றில் விட்டுக் காட்டினார். அது பாதிக்கு மேல் உள்ளே போனது. மாஸ்டர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அப்பா தொண்டையைச் செருமி, "சின்ன வயசுல ஒரு காய்ச்சல் மாஸ்டர், வேற ஒன்னும் இல்ல" என்று தொடங்கினார். "ஏறின நாளிலேருந்து அவங்கள எழுந்திருக்கவே விடலையே நீங்க" என்றார் மாஸ்டர். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்த பிறகு மாஸ்டர், சின்னம்மா இருந்த முன்முனைக்குப் போனார். நான் கூரைக்கு இந்தப் பக்கம், ஓலைக்குப் பின்னால் இருந்தேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. அது உங்க தப்பு இல்ல."

"காலைப் பத்தி எனக்கு ஒன்னும் இல்ல. முதல்லயே சொல்லியிருந்தா…"

"சொல்லியிருக்கணும். நான் சொல்லியிருக்கணும்." என்றாள் அவள். "ஆனா மாஸ்டர், இனிமே நான் உங்க வீட்டுல அடுப்படியிலிருந்து நடந்து வர்றப்பல்லாம் உங்களுக்கு இந்த வாத்து ஞாபகம் வருமா, வராதா?"

வராது என்று ஒரு சொல். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் போதும். அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கிறேன். ஓலைக்குப் பின்னால் நானும் அந்தச் சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததால் யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "பாசாங்" வந்து, படகு அடியில் ஒரு முறை அசைந்து, சேற்றைவிட்டு எழும்பியது.

பிறையில் அவர் இறங்கியபோது சின்னம்மா படகோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "உட்காருடி" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "இனி எதுக்குக்கா?" என்றாள் சின்னம்மா.

எனக்கு அடி விழவில்லை. அடிப்பதென்றால் எதற்கென்று சொல்லி அடிக்க வேண்டும். அதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. "பையன் விளையாட்டுக்குச் செஞ்சான்" என்று அப்பா ஒரு தடவை, யாரும் கேட்காமலே சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ராவுத்தரிடம் படகு கேட்கவில்லை. மாஸ்டர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டதாகச் சாமியார் மூலம் தெரிந்தது. சின்னம்மாவைப் பார்க்க அப்புறம் யாரும் அதிகமாக வரவில்லை. வந்த ஒரு வரனையும் அவளே வேண்டாமென்றுவிட்டாள். அவள் என்னைத் திட்டவே இல்லை. எனக்குச் சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டாள். எதையாவது செய்து காட்டு என்று மட்டும் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் காலத்தில், மருந்து கிடைக்காமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்று உடம்பு வீங்கி, அவள் படுக்கையில் விழுந்தாள். எழுந்து நடக்க முடியாமல் போன பிறகு ஒரு காலையில், நான் கஞ்சி கொண்டுபோனபோது, "சூசை, ஒரே ஒரு தடவை நான் நடக்கிறத காட்டுடா கண்ணு" என்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைக் கண்ணு என்றாள். அதில் வன்மம் எதுவும் இல்லை. நடந்த ஞாபகம் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் இளைஞனாகிவிட்டிருந்தேன், மீசை வைத்திருந்தேன், வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. "மறந்துபோச்சு சின்னம்மா" என்றேன். "சரி, போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

எனக்கு மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை.

பிறை ஆற்றின் மேல் இன்று பாலங்கள் போகின்றன. மாஸ்டர் ரயிலை விட்டு இறங்கித் தொங்கானில் ஏறிய இடம் எதுவென்று என் மகனுக்குக் காட்டலாம் என்று போனேன். கம்பி வேலியும் தொழிற்சாலைச் சுவரும்தான் இருந்தன. கப்பல் சரக்கு நேராகக் கரையில் இறங்குகிறது. தொங்கான் என்றால் என்னவென்று என் பேரன்களுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. நிப்பா இருந்த வளைவு எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் இறங்கிப் பார்க்கவில்லை. தண்ணீர் வற்றும் நேரமாக இருந்தது.

சின்னம்மாவின் படங்கள் என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. படகில் எடுத்த படத்தை மாஸ்டர், ஒரு வரிகூட எழுதாமல், தபாலில் அனுப்பியிருந்தார். அதில் அவள் பாயில், கைகளை மடியில் கோத்து, கேமராவுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். மற்றவை கல்யாண வீடுகளிலும் ஸ்டூடியோவிலும் எடுத்தவை. எல்லாவற்றிலும் நாற்காலி, பெஞ்சு, பாய். போன மாதம் என் பேத்தியின் மகள் அவற்றின் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து, என் வலது காதுக்குள் கத்தினாள்.

"தாத்தா, இந்தப் பாட்டி ஏன் எல்லாப் படத்துலயும் உக்காந்தே இருக்காங்க?"

"நாங்கதான் கண்ணு உக்கார வச்சோம்" என்றேன்.